எழுபது விழுக்காட்டில் ஒரு மலை

"எண்ணெய் போட இவ்ளோ நேரமாடா?"

அம்மா இப்படிக் கேட்டபோது நாங்கள் ஓஸ்லோவிலிருந்து ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தள்ளி, ஹமார் என்ற ஊரின் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நின்றுகொண்டிருந்தோம். காலை எட்டேகால் மணி. இன்னும் விடியவில்லை. வெளியே மைனஸ் 11 டிகிரி. சார்ஜர் கம்பம் ஒன்றில் எங்கள் கார் கயிற்றில் கட்டிய கன்றுபோல நின்றது. உள்ளே அம்மா, கிள்ளானிலிருந்து கொண்டுவந்த இரண்டு சுவெட்டர்களையும், என் மனைவியின் கம்பளிக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது எண்ணெய் இல்லம்மா, கரண்டு. நாற்பது நிமிஷம் ஆகும்."

"நாற்பது நிமிஷத்துல தாப்பா தாண்டிடலாமே!"

அம்மாவுக்கு எல்லாத் தூரத்துக்கும் அளவுகோல் நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைதான். கிள்ளானிலிருந்து ஈப்போ போவதென்றால் நடுவில் ஒரு தேநீர், ஒரு கழிப்பறை. அவ்வளவுதான் பயணத் திட்டம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு 350 கிலோமீட்டர். நாங்கள் அன்று போக வேண்டியது அதைவிட அதிகம். ஓஸ்லோவிலிருந்து துரொண்ட்ஹெய்ம் வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர், இ6 என்ற ஒரே நெடுஞ்சாலை, நடுவில் டோவ்ரஃபியெல் மலை.

போயே ஆக வேண்டிய காரணம் இருந்தது. துரொண்ட்ஹெய்மில் இருக்கும் என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஏழு நாள். தலைப்பிரசவம். அறுவை செய்துதான் எடுத்திருந்தார்கள். அம்மா கிள்ளானிலிருந்து பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு, பூண்டு, நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கருவாட்டுப் பொட்டலம் எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு இரண்டு விமானம் மாறி ஓஸ்லோ வந்து இறங்கியிருந்தார். காது அடைத்து வலித்ததால் மூன்றாவது விமானத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரயிலில் ஏழு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் இரண்டு பெரிய பெட்டி, நான் வாங்கி வைத்திருந்த தொட்டில், நடக்கச் சிரமப்படும் அம்மா, பனிக்கட்டி படிந்த நடைமேடை. "நம்ம காடி இருக்கும்போது எதுக்கு?" என்றார் அம்மா. வேலை நிமித்தம் இங்கே வந்த புதிதில் நான்தான் தொலைபேசியில் பெருமையடித்திருந்தேன், பெட்ரோலே வேண்டாத காடி வாங்கியிருக்கிறேன் என்று.

அந்தக் காடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் ஓடிய, சிறிய பேட்டரி உள்ள பழைய மின்கார். பெயரளவில் 40 கிலோவாட் மணி. அதில் உண்மையில் பயன்படுத்தக் கிடைப்பது 36 இருக்கும். கோடையில் 240 கிலோமீட்டர் தாராளமாக ஓடும். நகருக்குள் வேலைக்குப் போய்வர, கடைக்குப் போக இதைவிட நல்ல வண்டி கிடையாது. குளிர்காலத்தில் அதே கார் 140 கிலோமீட்டரில் மூச்சுவாங்கும்.

ஏன் என்று அம்மா கேட்டார். நான் சொன்ன விஞ்ஞான விளக்கம் ஒன்றும் எடுபடவில்லை. பின்னால் பெட்டியைத் திறந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் காட்டினேன். வெள்ளைவெளேரென்று கல்லாக உறைந்திருந்தது. கிள்ளானில் அறுபது வருடமாகத் தண்ணீர்போல ஊற்றிய எண்ணெயை அம்மா தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

பேட்டரிக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். உள்ளே உள்ள திரவத்தின் வழியாக லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நீந்திப் போனால்தான் மின்சாரம். குளிரில் அந்தத் திரவம் தடிக்கிறது, அயனிகள் தடுமாறுகின்றன, உள்தடை கூடுகிறது. சார்ஜ் ஏற்றும்போது இன்னும் சிக்கல். குளிர்ந்த பேட்டரியில் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால் லித்தியம் உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து பேட்டரியையே கெடுத்துவிடும். அதனால் காரே தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு மெதுவாகக் குடிக்கும்.

ஆனால் தூரத்தைத் தின்பதில் பெரிய பங்கு ஹீட்டருக்குத்தான். பெட்ரோல் எஞ்சின் எரிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வீணாகிறது. குளிர்நாட்டில் அந்த வீணான வெப்பமே இலவச ஹீட்டர். மின்காரில் வீணாவது குறைவு. ஆகவே உள்ளே சூடு வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எங்கள் பழைய கார் கடுங்குளிரில் அதற்கு மட்டும் 3 கிலோவாட் வரை இழுக்கும். புதிய கார்களில் ஹீட் பம்ப் இருக்கிறது, பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதி இருக்கிறது. இதோடு குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மைனஸ் 20-இல் உள்ள காற்று பிளஸ் 20-இல் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு கனம் கூடியது. அதைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். சாலையில் பனி. குளிர்கால டயர்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஏர்கோன் இந்த அளவுக்குப் பேட்டரியைக் குடிப்பதில்லை. வெளியே 33 டிகிரி, உள்ளே 24 என்றால் வித்தியாசம் 9 டிகிரிதான். இங்கே வெளியே மைனஸ் 17, உள்ளே 20 என்றால் 37 டிகிரி வித்தியாசத்தைச் சமாளிக்க வேண்டும்.

இத்தனை தொல்லை இருந்தும் 2024-இல் இந்த நாட்டில் விற்ற புதிய கார்களில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது முழு மின்கார்கள். பெட்ரோல் காருக்கு வரியைத் தீட்டி, மின்காருக்கு வரியை விலக்கி, முப்பது வருடமாகச் செய்த வேலை. இதில் ஒரு சுவையான கதை உண்டு. 1989-இல் 'ஆஹா' என்ற புகழ்பெற்ற நோர்வே இசைக்குழுவினரும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பினரும், மின்காராக மாற்றப்பட்ட ஒரு குட்டி ஃபியட் பாண்டாவைக் கொண்டுவந்தார்கள். ஓஸ்லோவில் டோல் கட்ட மறுத்து ஓட்டினார்கள். அபராதம் கட்டாததால் காரைப் பறிமுதல் செய்து ஏலம் விடுவார்கள். இவர்களே ஏலத்தில் எடுப்பார்கள். மறுபடி கட்டாமல் ஓட்டுவார்கள். 1990-களில் மின்கார்களுக்கு டோல் விலக்கு வந்தது. இப்போது மீண்டும் கட்டுகிறோம், குறைந்த கட்டணத்தில். இதை அம்மாவிடம் சொன்னேன். "பாட்டுக்காரங்களுக்கு வேலையில்லையா?" என்றார்.

ஹமாரைத் தாண்டினால் நெடுந்தூரத்துக்கு மியோசா ஏரி கூடவே வரும், இந்த நாட்டின் மிகப் பெரிய ஏரி. ஒன்பது மணிக்கு மேல் வானம் ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்பாகியது. அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார். 1994-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த லில்லஹாமரில் பனிச்சறுக்கு மேடையைக் காட்டினேன். அந்த உயரத்திலிருந்து ஆள் குதிப்பான் என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

ரிங்கபுவில் இரண்டாவது சார்ஜ். மைனஸ் 17. கேபிள் விறைத்துப்போய் வளைய மறுத்தது. காரின் சார்ஜ் மூடியில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டதால் மனைவி ஃபிளாஸ்க்கின் அடிப்பாகத்தால் தட்டித் தட்டித் திறந்தார். கையுறையைக் கழற்றிய ஒரு நிமிடத்தில் எனக்கு விரல் நுனி மரத்துவிட்டது. காருக்குள் அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். "மொத பசியாறுங்க, அப்புறம் அத நோண்டலாம்."

டொம்போஸ் வந்தபோது மணி ஒன்றே முக்கால். பேட்டரியில் 15 விழுக்காடு. அங்கே நான்கு சார்ஜர்களில் ஒன்று திரை இருண்டு கிடந்தது. மூன்றில் கார்கள், எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். ஹீட்டரை அணைத்துவிட்டு எதிரே இருந்த உணவுக்கடையில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்தோம். அந்த ஐம்பது நிமிடத்தில் பேட்டரி ஆறிப்போனது. முறை வந்து கேபிளைச் செருகியபோது திரையில் 20 கிலோவாட் என்று காட்டியது. காலையில் ஹமாரில் இதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறியது.

நோர்வே மொழியில் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ரெக்கவித்தஆங்ஸ்ட். எட்டும் தூரம், அச்சம் என்ற இரண்டையும் ஒட்டிய சொல். 78 விழுக்காடு வந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது, இருட்டிவிட்டது, பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அடுத்த ஊர் ஒப்டால், 80 கிலோமீட்டர்தான். கேபிளைக் கழற்றினேன். இன்னும் இருபது நிமிடம் நின்றிருக்க வேண்டும். இப்போதும் அந்த இடத்தை நினைத்தால் என்மேல் எனக்குக் கோபம் வரும்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையின் குறுக்கே தடுப்பு இறங்கியிருந்தது. மேலே காற்று. பனியை வாரி சாலையில் கொட்டுகிறது. தனித்தனியாகப் போக அனுமதி இல்லை, வரிசை கட்டித்தான் போக வேண்டும். முன்னால் பனி அகற்றும் வண்டி, அதன் பின்னால் கார்களும் லாரிகளும், கடைசியில் இன்னொரு வண்டி. இதைக் கொலொன்ன ஓட்டம் என்பார்கள். எதிர்ப்பக்க வரிசை மலையைக் கடந்து வந்து சேர்ந்தால்தான் எங்களை விடுவார்கள்.

ஒரு மணி நேரம் நின்றோம். நிற்கும் காரும் ஹீட்டருக்குத் தீனி போட்டாக வேண்டும். 78, 76, 73. சூடாகும் இருக்கை முன்னால் மட்டும்தான் இருக்கிறது. அதற்குச் செலவாகும் மின்சாரமும் மிகக் குறைவு. அம்மாவை முன்னுக்கு மாற்றி, மனைவி பின்னால் போய்க் கம்பளிக்குள் சுருண்டுகொண்டார். இந்த இடமாற்றத்தை நான் ஓஸ்லோவிலேயே செய்திருக்கலாம்.

மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருவர் ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். மலைக்குத் தகுதியில்லை என்று பட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. எங்கள் சன்னலைத் தட்டினார்.

"எத்தனை விழுக்காடு?"

"எழுபது."

காரைப் பார்த்தார். அதன் வயதையும் பேட்டரியின் அளவையும் அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு அம்மாவைப் பார்த்தார். கதகதப்பான துணி, சாப்பாடு, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவுக்கு மொழி புரியவில்லை, ஆனாலும் மடியிலிருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். அவர் சிரித்துவிட்டார். முன் வண்டியின் விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காதே, நின்றால் காரைவிட்டு இறங்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி எழுத அதிகமில்லை, ஏனென்றால் எதுவும் தெரியவில்லை. இந்த மலையில் 2286 மீட்டர் உயரமான ஸ்னோஹெட்டா சிகரம் இருக்கிறது. நீண்ட ரோமமுள்ள கஸ்தூரி எருதுகள் காட்டில் திரிகின்றன. கோடையில் அவற்றைப் பார்க்கவே சுற்றுப்பயணிகள் வருவார்கள். எங்களுக்குத் தெரிந்தது முன்னால் போன லாரியின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும். சில வேளை அதுவும் இல்லை. வெள்ளைச் சுவருக்குள் கார் போய்க்கொண்டே இருந்தது, முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்.

திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. டொம்போஸிலிருந்து உச்சிவரை 350 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஹியெர்கின் பக்கம் சாலை கடல்மட்டத்திலிருந்து 1026 மீட்டரைத் தொடுகிறது, இ6 நெடுஞ்சாலையின் மிக உயர்ந்த இடம் அதுதான். அங்கே வந்தபோது 42 விழுக்காடு. இன்னும் 45 கிலோமீட்டர் ஓடலாம் என்றது கார். ஒப்டாலுக்கு இருந்தது 48.

இனி இறக்கம்தான் என்று எனக்குத் தெரியும். ஏற்றத்தில் குடித்த கணக்கை வைத்துத்தான் கார் அப்படிப் பயமுறுத்துகிறது என்பதும் தெரியும். தெரிந்தும் தொண்டை வறண்டது. நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அம்மா எண்கள் படிப்பார். 45-ஐயும் வழிகாட்டியில் இருந்த 48-ஐயும் பார்த்தார். கையை நீட்டி ஹீட்டரை அணைத்தார்.

"அம்மா, போடுங்க."

"எனக்குக் குளிரலடா. இவ்ளோ துணி போட்டிருக்கேன். நிப்பாட்டு, காடி போவட்டும்."

"உங்களுக்காக இல்ல. கண்ணாடி..."

சொல்லி முடிப்பதற்குள் முன்கண்ணாடியின் ஓரங்களில் எங்கள் மூச்சு பனியாகப் படிய ஆரம்பித்துவிட்டது. மூன்று பேரின் மூச்சு, சூடு நின்ற இரண்டு நிமிடத்தில். லாரியின் சிவப்பு விளக்கு மங்கி, இரண்டு ஒன்றாகக் கலைந்தது. அவசரமாக மறுபடி போட்டேன். காற்றைக் கண்ணாடிக்கு மட்டும் திருப்பி, சூட்டை 16-க்கு இறக்கினேன். அம்மா தன் சால்வையை எடுத்துப் பின்னால் மனைவியின் காலில் போட்டார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா மெல்லிய குரலில் கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்தார்.

பத்து கிலோமீட்டர் போனதும் காற்று அடங்கியது. வரிசை கலைந்தது. இறக்கத்தில் காரின் மோட்டாரே பிரேக் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. குளிர்ந்த பேட்டரி அதையும் முழுதாக வாங்கிக்கொள்ளாது, என்றாலும் எண்கள் இறங்குவது நின்றது. ஒரு கட்டத்தில் மீதித் தூரமும் கார் காட்டிய தூரமும் ஒன்றாயின. பிறகு கார் முந்தியது. ஒப்டாலில் சார்ஜரில் நிறுத்தியபோது 12 விழுக்காடு. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தபோதுதான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது தெரிந்தது.

மனைவி என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்று: "அடுத்த தடவ எண்பத்தஞ்சுக்குக் குறைஞ்சா கேபிளைக் கழற்றக் கூடாது."

துரொண்ட்ஹெய்மை அடைந்தபோது மணி பத்து. காலை ஆறரைக்குக் கிளம்பிய பயணம். தங்கை கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா காலணியைக்கூடக் கழற்றவில்லை.

தங்கையின் மாமனார் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் வந்து, நாட்டின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் இலங்கைத் தமிழர்கள் பலரும் அப்படித்தான் இங்கே கால் ஊன்றினார்கள். நான் காருக்குள் தலையை விட்டுக் கேபிளைத் தேடிக்கொண்டிருக்க, அவர் வெளியே வந்து வீட்டுச் சுவரில் இருந்த பழைய மின்செருகியைக் காட்டினார்.

"இதில கொழுவுங்கோ தம்பி. நாங்கள் அந்த நாளையிலயும் காருக்கு வயர் கொழுவிப்போட்டுத்தான் படுக்கிறனாங்கள்."

டீசல் எஞ்சின் குளிரில் விறைத்து, காலையில் உயிர்பெறாது. அதனால் எஞ்சினில் ஒரு சூடேற்றி பொருத்தி, இரவில் வீட்டு மின்சாரத்தில் இணைத்துவிட்டுத் தூங்குவார்களாம். மறந்துவிட்டுப் படுத்தவன் மறுநாள் பனியில் நடந்துதான் வேலைக்குப் போவான். கையில் டார்ச் பிடித்துக்கொண்டு அதே செருகியில் என் கேபிளைத் தானே செருகினார். சாதாரண வீட்டு மின்சாரம், 2 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கூட. டொம்போஸில் நான் சலித்துக்கொண்ட வேகத்தில் பத்தில் ஒரு பங்கு.

உள்ளே போனபோது அம்மா சமையலறையில் இருந்தார். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நிறுத்தியிருந்தார். காலையில் குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டவாம். போத்தலின் ஓரங்களில் எண்ணெய் உருக ஆரம்பித்திருந்தது. நடுவில் இன்னும் வெள்ளையாக ஒரு கட்டி.

"எத்தனை விழுக்காடு?" என்று கேட்டேன்.

"போய்ப் படுடா" என்றார்.